தில்லியில் சுற்றுச்சூழல் புலத்தில் தகவல் தொடர்பு வேலை: சேரலாமா என்று கேட்ட தங்கைக்கு

கோவையில் ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கும் தங்கை கேட்டிருக்கிறார்: தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் புலத்துக்குத் தகவல் தொடர்புத் தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது, இந்தி சுத்தமாகத் தெரியாது, காற்றை நினைத்து அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார், என்ன செய்யலாம்?

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன்பே தில்லிக்கு வந்துவிட்டேன், இதே வகை வேலையில்தான் தலை நரைத்தது. வாங்க என்றுதான் சொல்வேன். ஆனால் வேலை நீங்கள் இப்போது பார்ப்பது போல இருக்காது. அட்மிஷன் விளம்பரம், ஆண்டு விழாப் படம், முதல்வர் பேட்டி எல்லாம் இங்கேயும் உண்டு, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊரில் என்ன பருவமோ அதுதான் உங்கள் வேலை. மே, ஜூனில் வெயில். மழை வந்தால் யமுனை வெள்ளமும் அடைத்துக்கொண்ட வாய்க்கால்களும். அக்டோபர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை காற்று, காற்று, காற்று. நடுவில் சத் பூஜை (பீகார்க்காரர்கள் ஆற்றில் இறங்கிச் சூரியனை வழிபடும் பண்டிகை) வரும்போது காளிந்தி குஞ்ச் பக்கம் ஆற்றில் வெள்ளை நுரை மிதக்கும். எல்லா சேனலுக்கும் அதே படம்தான் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத்தூள் பாஸ்பேட்டும் சேர்ந்த தண்ணீர் ஓக்லா தடுப்பணையில் விழுந்து நுரைக்கிறது என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கி.மீ.தான், 1,376 கி.மீ. நீள ஆற்றில் 2 சதவீதம்கூட இல்லை, ஆனால் ஆறு சாகிற இடம் அதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படத்துக்கு அடியில் அந்த வரி வந்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள்.

குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை எடுப்பதே அதற்காகத்தான் இருக்கும். தினமும் மாலை 4 மணிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தர எண்ணை வெளியிடும். அது கடந்த 24 மணி நேரச் சராசரி. 401-ஐத் தொட்டால் 'கடுமை', 500-உடன் அளவுகோல் முடிந்துவிடும். அதே நாள் காலையில் தனியார் ஆப்பில் 1000-க்கு மேலேகூடக் காட்டும். அது அமெரிக்க அளவுகோல், அந்தந்த மணி நேர அளவு, மேலே மூடியும் கிடையாது. உடனே போன் அடிக்கும்: "மேடம், அரசாங்கம் மறைக்கிறதா? எது நிஜம்?" இரண்டுமே நிஜம்தான் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. நான் எங்கள் ஆட்களிடம் சொல்வது, எண் சண்டைக்குள் போகாதீர்கள், மைக்ரோகிராமில் பேசுங்கள் என்று. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்ற நுண்தூசி எவ்வளவு, ஒரு நாளுக்கு நம் நாட்டு வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 15, இன்று 300 இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் அளவுகோல் வேண்டாம்.

அப்புறம் பராலி. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளை வயலிலேயே கொளுத்துவது. இது அறிவியல் பாதி, அரசியல் பாதி. "பராலிதான் காரணம்" என்று ஒரு பேராசிரியர் வாயால் வரவழைக்க ஒரு தரப்பு, "பராலியே காரணம் இல்லை" என்று வரவழைக்க இன்னொரு தரப்பு. உண்மை நாளுக்கு நாள் மாறும். காற்று வடமேற்கிலிருந்து வீசினால் அதன் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேலே போகும், திசை மாறினால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். டிசம்பரில் வயலில் தீ இல்லை, காற்று அப்படியேதான் கெட்டுக் கிடக்கிறது. வண்டி, தூசி, குப்பை எரிப்பு, சுற்றுவட்டாரத் தொழிற்சாலைப் புகை எல்லாம் குளிரில் மேலே எழும்ப முடியாமல் தரையோடு தங்கிவிடுவதுதான் விஷயம். இதை நான்கு வரியில் எழுதிக் கையில் தயாராக வைத்திருங்கள். தீபாவளி மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுத உட்கார முடியாது.

இந்த வேலையில் நான் மதிக்கிற குணம் எது என்று கேட்டால், நிதானம். 2024 மே 29 அன்று தில்லியின் வடமேற்கு எல்லையில் முங்கேஷ்பூர் என்ற இடத்தில் இருக்கும் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாட்டிலேயே இதுவரை இல்லாத வெயில் என்று எல்லா இடத்திலும் பிரேக்கிங் நியூஸ். எங்கள் பேராசிரியர்களில் ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து 'பருவநிலை மாற்றத்தின் சாட்சி' என்று சொன்னால் போதும், அன்று இரவு தேசம் முழுக்க எங்கள் பெயர் ஓடும். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எங்களுடைய மூத்த பேராசிரியர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "சப்தர்ஜங்கில் எவ்வளவு?" தில்லியின் முக்கிய வானிலை நிலையம் அது. அங்கே 46.8. "ஒரே ஊருக்குள் ஆறு டிகிரியா? முதலில் சென்சாரைப் பார்க்கட்டும்." ஒரே ஒரு நிலையத்தின் அளவு, சரிபார்க்கும்வரை நாங்கள் கருத்துச் சொல்ல மாட்டோம் என்று இரண்டு வரி அனுப்பினோம். ஒருவரும் போடவில்லை. சில நாளில் வானிலைத் துறையே, அந்த சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று அறிவித்தது. அதற்கும் அப்படியொன்றும் பாராட்டு மழை பொழியவில்லை, ஆனால் இரண்டு நிருபர்கள் அன்றிலிருந்து எதையும் எழுதும் முன் எங்களுக்கு ஒரு போன் போடுகிறார்கள்.

பேராசிரியர்களை உள்ளே சமாளிப்பது வெளியே நிருபர்களைச் சமாளிப்பதைவிடக் கஷ்டம். அவர் ஆராய்ச்சியை நீங்கள் சுருக்கினால் "இது நான் சொன்னதே இல்லை" என்பார், அவர் சொன்னதையே போட்டால் சப் எடிட்டர் முதல் பாராவிலேயே தூங்கிவிடுவார். நான் எழுதித் தரச் சொல்வதில்லை, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்வேன். பேசும்போது மனிதர்கள் தானாகவே சின்ன வாக்கியத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தி. அலுவலகத்துக்குள் ஆங்கிலம் போதும். வங்காளி, மலையாளி, ஒடியா என்று எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான். ஆனால் இந்த ஊர் படிப்பது தைனிக் ஜாக்ரண், அமர் உஜாலா, ஹிந்துஸ்தான், நவபாரத் டைம்ஸ். நீங்கள் ஆங்கிலத்தில் மட்டும் அறிக்கை அனுப்பினால் ராத்திரி டெஸ்க்கில் யாரோ அவசரத்தில் மொழிபெயர்ப்பார், 'வாய்ப்பு உண்டு' என்பது 'உறுதி' ஆகியிருக்கும். இந்தி எழுதத் தெரிந்த ஒரு உதவியாளர் வேண்டும் என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். நீங்களும் தேவநாகரி எழுத்தை முதல் குளிர்காலத்துக்குள் படித்துவிடுங்கள். பேச்சு தன்னால் வரும், காய்கறிக்காரர் சொல்லிக்கொடுப்பார்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். இந்த வேலையில் நம் ஆட்கள் செய்தியாகவே வந்து நிற்பார்கள். ஜங்புரா பக்கம் பாராபுல்லா வாய்க்கால் கரையில் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் நம்மூர்க் குடும்பங்கள், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போனவர்கள். மழை வெள்ளம் வடிய வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று ஏறக்குறைய 370 வீடுகளை இடித்தார்கள். தகுதி உண்டு என்று கணக்கெடுத்தவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வாய்க்கால் அடைத்தால் வெள்ளம் வரும் என்பதும் சரி, ஜங்புராவில் வேலை இருப்பவர் நரேலாவிலிருந்து எப்படி வருவார் என்பதும் சரி. 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற இரண்டு வார்த்தையோடு உங்கள் புலத்தின் அறிக்கை முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு ஆள் இருப்பது நல்லது.

வீடு: முனிர்கா, ஆர்.கே. புரம், மயூர் விஹார் மூன்றில் ஒன்றைப் பாருங்கள். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் என்கிற முருகன் கோயிலும் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும், விலையைப் பார்த்தால் மட்டும் அழுகை வரும்.

அம்மா சொல்வது தப்பில்லை. உங்களுக்கு வீசிங், ஆஸ்துமா இருந்தால் நானும் அவர் கட்சிதான், வேறு வேலை பாருங்கள். இல்லையென்றால் படுக்கையறைக்கு ஒரு ஏர் பியூரிஃபையர், வெளியே போக என் 95 மாஸ்க், நவம்பர் முதல் ஜனவரி வரை காலை நடைக்குப் பதில் பிற்பகல் நடை. காற்று ரொம்பக் கெட்டுப்போனால் கட்டுமானத்தை நிறுத்துவார்கள், பள்ளிகளை ஆன்லைனுக்கு மாற்றுவார்கள், அலுவலகங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்வார்கள். அந்தப் பாதியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், டி.வி. வேன் வாசலில் நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது: உங்கள் மேலதிகாரி டீனா, பல்கலைக்கழக பி.ஆர்.ஓ.வா? அவசரத்தில் ஒரு அறிக்கை போக யார் ஒப்புதல் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுப்பாரா? இது தெளிவில்லாத இடத்தில் இரண்டு பக்கமும் உங்களைத்தான் திட்டும். பதவி நிரந்தரமா, ஒரு திட்டத்தின் பணத்தில் ஓடுவதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். திட்டம் முடிந்தால் வேலையும் போய்விடும், அதை நேர்முகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சேரும் தேதி உங்கள் விருப்பம் என்றால் ஆகஸ்டில் வாருங்கள். அக்டோபருக்குள் எல்லாப் பேராசிரியர்களுடனும் ஒரு டீயாவது குடித்திருக்க வேண்டும். அம்மாவை பிப்ரவரி கடைசியில் கூட்டி வாருங்கள், மூன்று வாரம் இந்த ஊர் அவ்வளவு அழகாக இருக்கும்.