சீஃபுவின் முழங்கால்

அன்புள்ள அண்ணன்,
மூன்று வருடமாக ஒரு சீன சீஃபுவிடம் (ஆசானிடம்) தாம் துய் படிக்கிறேன், வரிசை வரிசையாக உதை பழகும் சீனத் தற்காப்புக் கலை. எட்டு வரிசை முடிந்தது. யூடியூபில் சீனாவில் செய்வதைப் பார்த்தால் பல இடங்களில் வேறாக இருக்கிறது, உதையின் உயரம்கூட ஒத்துவரவில்லை. ஏழு வயது மகனுக்கு ஆரம்பிக்கலாமா? அசலைச் சொல்லிக்கொடுப்பதா, சீஃபு சொன்னதையா? போதிதர்மர் தந்த கலை என்பதால் நமக்கும் உரிமை உண்டுதானே?
ஆர்., ஈப்போ

அன்புள்ள ஆர்.,

போதிதர்மரை விட்டுவிடுங்கள், பாவம். தாம் துய் முஸ்லிம்களிடமிருந்து வந்தது என்று வட சீனாவில் சொலவடையே இருக்கிறது. ஹூய் முஸ்லிம்கள் தலைமுறைகளாகப் பேணி வந்த கலை அது.

சரி, எந்த அசல்? ஹூய்களிடம் பத்து வரிசை, ஷாங்காயில் தொடங்கிய சிங் வூ தற்காப்புக் கலைச் சங்கத்தில் பன்னிரண்டு. 1910இல் அதன் நிறுவனர் ஹுவோ யுவான்ஜியா இறந்த பிறகு சங்கத்தை நடத்தியவர்கள் வடக்கிலிருந்து பல பாணி ஆசான்களை ஷாங்காய்க்கு வரவழைத்து, எல்லோரும் படிக்க வேண்டிய பத்துப் பாடங்களை வகுத்தார்கள். முதல் பாடம் இதுதான். 1921இலேயே கோலாலம்பூருக்கும் சங்கம் வந்துவிட்டது. பெயரிலேயே ஒத்துப்போவதில்லை, ஒருவர் 'சுண்டும் கால்' என்று எழுதுவார், இன்னொருவர் 'மடுக் கால்' என்பார். உதை ஒரு கிளையில் முழங்காலுக்குக் கீழே, இன்னொன்றில் இடுப்புக்கு நேரே. இதில் உங்கள் சீஃபு தவறு என்று ஒரு கைப்பேசி உங்களுக்குச் சொல்லிவிட்டதாக்கும்!

அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்த ஒரு வரி இல்லை.

நானும் கேட்கவில்லை. என் சீஃபு கடிகாரம் பழுது பார்ப்பவர். விடிவதற்கு முன் கடைக்குப் பின்னால் பாடம். ஒவ்வொரு வரிசையின் கோடியிலும் திரும்புவதற்கு முன் இடது முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தி, மூச்சை விட்டு, அப்புறம்தான் திரும்புவார். நாங்களும் அப்படியே செய்தோம். மூச்சை அடிவயிற்றில் இறக்கும் இடம் அது என்று எனக்கு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, போதாக்குறைக்கு ஒரு கட்டுரையும் எழுதினேன். அவருடைய துக்க வீட்டில் அவர் மகன் வேர்க்கடலை உடைத்துக்கொண்டே சொன்னார், அப்பா இளவயதில் ஏணியிலிருந்து விழுந்ததில் அந்த முழங்கால் போயிற்று, திரும்பும்போது வலிக்கும், அதற்காகத்தான் கை. பதினான்கு வருடம் நேரே பார்த்த மனிதருக்குக் கால் வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாளாவது "ஏன் சீஃபு?" என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். கேட்டால் மரியாதைக்குறைவு என்று நினைத்தேன். மரியாதையாம், மண்ணாங்கட்டி.

உங்கள் சீஃபுவின் உதை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கு அவர் கிளை காரணமாக இருக்கலாம், அவர் இடுப்பும் காரணமாக இருக்கலாம். வீடியோவில் அது இருக்காது.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன். ஏழு வயது போதும். முன்கால் மடக்கிப் பின்கால் நீட்டி நிற்க நீங்கள் பழக்குங்கள், மீதியை அவன் சீஃபுவிடமே படிக்கட்டும், இந்த வாரமே கூட்டிப் போங்கள். அவருக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை.