இரு பக்கங்களும் ஒரு கோணமும்

கேள்வி: இரு முக்கோணங்களில் இரண்டு பக்கங்களும் ஒரு கோணமும் சமமாக இருந்தும், அவை சர்வசமம் (வடிவிலும் அளவிலும் ஒன்றே) என்று நான் எழுதிய நிரூபணம் தவறு என்கிறார் ஆசிரியர். ஏன்?

பதில்: சமமான கோணம் அவ்விரு பக்கங்களுக்கும் இடையில் அமைந்தால் மட்டுமே ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) கொள்கை பொருந்தும். வரைந்தே பாருங்கள்: அ என்னும் முனையில் 30° கோணம் அமைத்து, அதன் ஒரு கரத்தில் 10 செ.மீ. தொலைவில் ஆ என்னும் புள்ளியைக் குறித்து, அதை மையமாகக் கொண்டு 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் வரைந்தால், அது மறு கரத்தை அ-விலிருந்து சுமார் 5.3 செ.மீ. தொலைவிலும் 12 செ.மீ. தொலைவிலும் வெட்டும். ஒரே அளவுகளுக்கு இரு வேறு முக்கோணங்கள் கிடைத்துவிடுகின்றன அல்லவா! செங்கோண முக்கோணத்தில் இச்சிக்கல் இல்லை. கர்ணமும் ஒரு பக்கமும் சமமானால், பிதாகரஸ் தேற்றப்படி மூன்றாம் பக்கமும் சமமாகிவிடுவதால், அங்கே செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) கொள்கையைத் தயங்காமல் எழுதலாம்.