பேறுகால உடம்பும் லெஸ்டர் குளிரும்

மக்களே, நீ எழுதியதைப் படித்தேன். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் இருந்து இங்கிலாந்து வந்து எட்டு மாதம், சிசேரியன் முடிந்து நாலு மாதம். ஏறிய 17 கிலோவில் 6 கிலோதான் இறங்கியிருக்கிறது. ஊரில் இருந்து அம்மா போனில் "வயிற்றை இறுக்கிக் கட்டு, குளிரில் வெளியே இறங்காதே" என்கிறார்கள், வீட்டுக்காரர் ஜிம்மில் சேரச் சொல்கிறார். "யார் சொல்வதைக் கேட்கட்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதே.

நான் உன் பக்கத்துத் தக்கலைக்காரி, 2014-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு வந்தேன். மூத்தவளை 2013-இல் ஊரில் பெற்றேன், இளையவனை 2017-இல் இங்கே. அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

ஊரில் 41 நாள் பேறுகால ஓய்வு. நொச்சியும் புளியிலையும் போட்டுக் கொதித்த வெள்ளத்தைச் சித்தி பதம் பார்த்து இடுப்பில் ஓங்கி ஊற்றுவாள், முதுகு சிவந்துபோகும். பிறகு கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மினுங்கும் உளுந்தங்களி, மத்தியானம் பூண்டுக் குழம்பு. பிள்ளை அழுதால் தூக்க நாலு கை இருந்தது. குடிக்கத் தண்ணீர் மட்டும் அளந்துதான் தருவார்கள், வயிறு ஊதிவிடும் என்று. பால் கொடுக்கிறவளுக்கு அதைப்போலத் தண்டனை வேறில்லை, மலச்சிக்கலில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைத் தவிர, அந்த ஓய்வை நான் குறை சொல்லமாட்டேன். இங்கே என்ன நடக்கிறது என்றால், அந்தச் சாப்பாடு மட்டும் பார்சலில் வந்துவிடுகிறது, கைகள் வருவதில்லை. 41 நாளைக்குச் சொன்ன களியை ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் உட்கார்ந்து ஆறு மாதம் சாப்பிடுகிறோம். களியை விடச் சொல்லவில்லை, கருப்பட்டியைப் பாதியாக்கு. லேகியப் பொட்டலத்தை மட்டும் டாக்டரிடமோ ஃபார்மசியிலோ காட்டாமல் பிரிக்காதே.

அந்த 6 கிலோ கணக்கையும் பார்த்துவிடு. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என்று பிரசவ அறையிலேயே போனதுதான் அதில் பெரும்பங்கு. மற்றபடி நாலு மாதம் தூக்கமில்லாமல் பால் கொடுத்ததே பெரிய வேலை. பட்டினி கிடக்காதே, பால் கொடுக்கும்போது நாளுக்கு 300, 400 கலோரி கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும். வாரம் அரைக் கிலோ இறங்கினாலே தாராளம். எனக்குப் பழைய எடைக்கு வர 14 மாதம் ஆனது, நடுவில் இரண்டு மாதம் ஒரு கிராம்கூட அசையவில்லை.

ஜிம் கதைக்கு வருகிறேன். இளையவன் பிறந்த ஏழாவது வாரம், ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே இருந்தவர் சிசேரியனா என்றுகூடக் கேட்காமல் குதிக்கச் சொன்னார், சிட்-அப் எடுக்கச் சொன்னார். மூன்றாவது நாள், குதித்த குதியில் கால் நனைந்தது. ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்காராமல் நின்றபடியே வீடு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, பணம் மட்டும் வருடம் முழுக்கப் போனது.

கடைசியில் பெண்களுக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து மூன்று விரல் உள்ளே போனது. இதை வைத்துக்கொண்டு சிட்-அப் எடுத்தால் வயிறு இன்னும் முன்னால்தான் தள்ளும் என்றார். இறுக்கிக் கட்டுவதும் கொழுப்பைக் கரைக்காது, அழுத்தத்தைக் கீழே தள்ளும். இடுப்பு வலிக்கு லேசான பெல்ட் போடுவது வேறு விஷயம்.

அவர் முதலில் கற்றுத்தந்தது சிறுநீரையும் வாயுவையும் அடக்கும் தசைக்கான பயிற்சி, இங்கே பெல்விக் ஃப்ளோர் என்பார்கள். அடக்குவதுபோல உள்ளே இழுத்து, மூச்சைப் பிடிக்காமல், பத்து எண்ணி விடவேண்டும். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. கெட்டில் கொதிக்கிற நேரத்தில் செய்தேன், பஸ் ஸ்டாப்பில் செய்தேன், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியவா போகிறது? மூன்று மாதத்தில் தும்மலுக்குப் பயப்படுவது நின்றது. பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், பார்த்திருப்பாரே, அப்போது சிறுநீர் கசிவதைச் சொல்ல வெட்கப்பட்டிருந்தால் இப்போது போன் செய்து சொல். பல ஊர்களில் பிசியோவுக்கு நாமே நேராக விண்ணப்பிக்கலாம்.

எனக்கு நடையின் அருமையைக் காட்டியது சர்க்கரை மெஷின். கர்ப்பகாலச் சர்க்கரை வரும் ஆபத்து நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் என்று இங்கே கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிப்பார்கள். இளையவனைச் சுமந்தபோது எனக்கு அது வந்துவிட்டது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இங்குள்ள கணக்கில் 7.8-க்குக் கீழே இருக்கவேண்டும், நம் ஊர்க் கணக்கில் 140. ஒரு நாள் புட்டும் பழமும் சாப்பிட்டேன், 9.4. மறுநாள் பாதிப் புட்டு, கூடக் கடலைக்கறி, உடனே தெருவை இரண்டு சுற்று. 7.0! அன்றிலிருந்து வயிற்றுப் பிள்ளையோடும் நடந்தேன், பிறகு பிராம் என்கிற குழந்தை வண்டியைத் தள்ளியும் நடந்தேன். உனக்கும் அது இருந்திருந்தால், பிரசவத்துக்குப் பின் ஒரு தடவையும் அப்புறம் வருடா வருடமும் ரத்தம் பார்க்கவேண்டும். பழைய சுடிதார் இறுக்குகிறது என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

குளிருக்கு ஒரு மழைக்கோட்டும் கம்பளித் தொப்பியும் போதும். காதில் பஞ்சு வைத்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி என்றால் வைத்துக்கொள், நானும் வைத்தேன். டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும், அதனால் மத்தியானச் சோறு முடிந்ததும் கிளம்பிவிடு. முட்டம் வெயிலில் வளர்ந்த நமக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று, வைட்டமின் டி. தினமும் 10 மைக்ரோகிராம், பால் கொடுக்கிறவரை விடாதே.

உனக்கு 12 வாரம் தாண்டிவிட்டது. தையலில் வலியும், சிறுநீர்க் கசிவும் இல்லை என்றால் மெதுவாக ஓட்டத்துக்குப் போகலாம், இருந்தால் நடையோடு நில். சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காக்களில் பார்க்ரன் என்று 5 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும், காசு கிடையாது. நடந்தே போகலாம், பிராமும் கொண்டுபோகலாம். எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் நடப்பார், அதனால் நீ கடைசி ஆளாக வரவே முடியாது. நான் முதல் தடவை 58 நிமிடம், பின்னால் வந்த அம்மாவோடு பேசிக்கொண்டே.

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எழுதவில்லையே? லெஸ்டருக்குப் பக்கம் என்றால் சொல், ஒரு சனிக்கிழமை சேர்ந்து போகலாம். பிள்ளைக்குப் போர்வை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள், சாயா நான் கொண்டுவருகிறேன்.