ஹாரன் முனகினால் முதலில் வயரைப் பாருங்கள்

கேள்வி: என் பழைய காரில் (12 வோல்ட்) ஒற்றை ஹாரன் முனகுகிறது. உடைப்புக்குப் போன வண்டியின் இரட்டை ஹாரன் மலிவாகக் கிடைக்கிறது. மாட்டலாமா? ரிலே தேவையில்லை என்கிறார் விற்பவர்.

பதில்: தாராளமாக மாட்டலாம். ஆனால் ரிலே என்பது பட்டனின் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்; அது தேவையில்லை என்பவரிடம் வாங்காதீர்கள்.

முதலில், பழைய ஹாரனை அடித்தபடியே அதன் முனைகளில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த்தோ (பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) தேய்ந்த பட்டனோதான் காரணம். உப்புத்தாளால் எர்த்தைத் தேய்த்தாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். இதைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

இரட்டை ஹாரன் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். தயாரிப்பாளர் செம்பில் மிச்சம் பிடித்துப் போட்ட அந்த நூல் வயர் ஒரு ஹாரனுக்கே திணறுகிறது. அதனால்தான் ரிலே: பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு, 87 என்ற காலிலிருந்து ஹாரன்களுக்கு. ஹாரன்களுக்கு எர்த்தும் தடித்த வயரில். ஐந்து கால் ரிலேயில் 87ஏ என்ற காலைத் தொடாதீர்கள். அதில் மாட்டினால் பட்டனைத் தொடாமலே அலறும்.

எல்லோரும் சறுக்குவது பட்டனோடு சேர்ந்து ரிலேயை இயக்கும் 85, 86 என்ற கால்களில். சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவை இணைக்கும். பலவற்றில் ஹாரனுக்குப் பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பட்டன் எர்த்தைத்தான் இணைக்கும். இது தெரியாமல் 85-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பாடியில் எர்த் செய்தால், ஒன்று ஹாரன் ஓயாமல் கத்தும், அல்லது வாயே திறக்காது. உடனே 'ரிலே போச்சு' என்று இன்னொன்றை விற்பார்கள். பழைய ஹாரனுக்கு இரண்டு வயர் வந்தால் அந்த இரண்டையும் அப்படியே 85, 86-ல் மாட்டுங்கள். எந்த வகையானாலும் வேலை செய்யும். ஒரே வயர் என்றால் மட்டும் அது 86-க்கு, 85 பாடிக்கு.

வாங்கும்போது பேட்டரியில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று கீச்சுக் குரல், மற்றது கட்டைக் குரல், அதுதான் ஜோடி. புதுப் பெயின்ட் அடித்த இரண்டு கீச்சுக் குரல்களை ஜோடி என்று தலையில் கட்டுவார்கள். லாரியின் 24 வோல்ட் ஹாரன் உங்கள் வண்டியில் இருமக்கூட இருமாது. பின்புறத்தில் ஒலியைச் சரிசெய்யும் திருகின் அடைப்பு கலைந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்: விற்பதற்காக முறுக்கி ஏற்றியிருப்பார்கள், உள்ளே பிளாட்டினம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தொடுமுனை சீக்கிரம் கருகிவிடும்.

தண்ணீர் தேங்காதபடி வாய் சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும், ஹாரன் பக்கத்தில் அல்ல.