அரசாங்கம் முடங்கி, விசாவும் வேலையும் ஆட்டம் காணும் நேரத்தில் வேர்ல்ட் சீரீஸ் பார்க்க எப்படி மனசு வருகிறது?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. கேட்ட நீங்கள் சமீபத்தில் எச்-1பி வேலை விசாவில் வந்தவர் என்று நினைக்கிறேன். 2025 செப்டம்பரில் அந்த விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்து வயிற்றைக் கலக்கினார்கள். அக்டோபர் பிறந்ததும் பட்ஜெட் நிறைவேறாமல் அரசாங்கமே முடங்கியது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரோ பேஸ்பால் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸில் மோதிய டாட்ஜர்ஸ், புளூ ஜேஸ் என்று வாய் ஓயாமல் பேசியிருப்பார். இவர்களுக்கெல்லாம் மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயம்தான். ஆனால் "அமெரிக்காவில் வளர்ந்த தமிழர்களும் இதில் சேர்த்திதான்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

'ஒரே நாடு ஆடுகிற ஆட்டத்துக்கு வேர்ல்ட் சீரீஸாம்' என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களே, இதைச் சின்ன வயதிலிருந்து கோயில் கேன்டீனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1992, 1993 இரண்டு வருஷமும் டொரன்டோ அணி கோப்பையைக் கனடாவுக்குக் கொண்டுபோனது. கிரிக்கெட் மாமாக்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆளை விடுங்கள்.

நான் நியூயார்க்குக்கு வந்தது விவரம் தெரியாத வயதில். குயின்ஸில் ஃப்ளஷிங், பிள்ளையார் கோயில் இருக்கும் பௌன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் வீடு. ஏழாம் நம்பர் ரயிலில் எங்கள் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு முந்தைய ஸ்டேஷன்தான் அப்போது மெட்ஸ் அணி ஆடிய ஷே ஸ்டேடியம். அந்த ஏரியாவில் வளர்ந்தால் மெட்ஸ் ரசிகன்தான், வேறு கதி கிடையாது. 1986 அக்டோபரில் வேர்ல்ட் சீரீஸில் எதிரணியான பாஸ்டனின் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போய் மெட்ஸ் ஜெயித்தபோது நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மெட்ஸ் ரசிகன் என்றால் யாங்கீஸைப் பிடிக்காது. ஒரே ஊர்தான், ஆனாலும் பிடிக்காது. 2000-இல் இரண்டும் வேர்ல்ட் சீரீஸில் மோதி (முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை), ஐந்தே ஆட்டத்தில் அவர்கள் எங்களை முடித்துவைத்தார்கள். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் 2001 வந்தது.

செப்டம்பர் 11-க்குப் பிறகு ஒரு வாரம் பேஸ்பால் கிடையாது. ஷே ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் மீட்புப் பணிக்கான பொருட்கள் மலையாகக் குவிந்தன. மெட்ஸ் வீரர்களும் மேனேஜர் பாபி வாலன்டைனும் பெட்டி சுமந்தார்கள். 21-ஆம் தேதி அங்கே முதல் ஆட்டம், அட்லான்டாவோடு. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் மைக் பியாஸா அடித்த ஹோம் ரன்னில் (நம் சிக்ஸர் மாதிரி) 3-2 என்று மெட்ஸ் ஜெயித்தது. அந்தப் பந்தை வீசிய ஸ்டீவ் கார்சே ஃப்ளஷிங்கில் பிறந்த பையன் என்பதை இன்று யாரும் சொல்வதில்லை. அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் சுமார் 41,000 பேர். இப்போது விசாரித்தால் குயின்ஸில் பாதிப் பேர் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். நான் இல்லை. கிளம்பினேன், அம்மா விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் என் கேள்வி. செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மேசா நகரில், பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியரை அவருடைய பெட்ரோல் பங்க் வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். தலைப்பாகையும் தாடியும் வைத்திருந்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் அப்பா எனக்குத் தாடி வளர்க்கத் தடை போட்டார். அம்மாவுக்கு என் அழுக்கு மெட்ஸ் தொப்பியைக் கண்டாலே ஆகாது, ஒருமுறை குப்பையில் போடவே பார்த்தவர். அந்த அம்மா தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "தொப்பிய போட்டுண்டு போடா, ரயில்ல கழட்டாத" என்று சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதிலிருந்து ஆசையாகப் போட்டுக்கொண்டது திடீரென்று அடையாள அட்டை ஆகிவிட்டது. நானும் உங்கள் ஆள்தான், அடிக்காதீர்கள் என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

பிறகு யாங்கீஸ் வேர்ல்ட் சீரீஸுக்குள் நுழைந்தது, எதிரே ஃபீனிக்ஸின் அரிசோனா டைமண்ட்பேக்ஸ். ஊரே மாறிப் பேசியது. இந்த ஒரு வருஷம் எல்லோரும் யாங்கீஸ் ரசிகர்கள்தான், நகரத்துக்கு இது தேவை என்றார்கள். தேவை என்பது எனக்கும் புரிந்தது. என் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஸ்டேட்டன் ஐலண்டுக்காரர், தீயணைப்புத் துறையில் இருந்த சித்தப்பா மகனை இரட்டைக் கோபுரத்தில் பறிகொடுத்தவர். அவரிடம் போய் நான் அரிசோனா பக்கம் என்று சொல்ல முடியுமா? வாயைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் அரிசோனா டைமண்ட்பேக்ஸ்தான் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தேன். சோதி கொல்லப்பட்ட மேசா அந்த அணியின் ஊருக்குப் பக்கத்து ஊர் என்பதும் தெரியும். மனசு இப்படித்தான் இருந்தது, யாரும் வந்து ஒழுங்குபடுத்த வேண்டாம்.

அக்டோபர் 30, மூன்றாவது ஆட்டம். யாங்கி ஸ்டேடியத்தில் அதிபர் புஷ் குண்டு துளைக்காத அங்கியை உள்ளே போட்டுக்கொண்டு முதல் பந்தை வீசினார். இரட்டைக் கோபுரத்தில் கிழிந்த கொடி மேலே பறந்தது. ஆப்கானிஸ்தானில் குண்டு விழ ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தபாலில் ஆந்த்ராக்ஸ் வந்துகொண்டிருந்தது. மறுநாள் நான்காவது ஆட்டத்தின்போது ஃப்ளஷிங்கில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கொரியன் மளிகைக் கடையில் இருந்தேன். பால் வாங்கப் போனவன் கல்லாவுக்கு மேலே இருந்த குட்டி டிவியில் மாட்டிக்கொண்டேன். அரிசோனாவின் க்ளோஸர், அதாவது கடைசியில் வந்து வீசி ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர், பியுங் ஹியுன் கிம், 22 வயது, வேர்ல்ட் சீரீஸ் ஆடிய முதல் கொரியர். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த ராத்திரி நியூயார்க்கில் அரிசோனாவுக்காக நின்ற ரகசியக் கூட்டம் நாங்கள் இரண்டு பேர்தான் என்று புரிந்தது. ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆகி இன்னும் ஒன்றே பாக்கி இருந்தபோது யாங்கீஸின் டீனோ மார்டினெஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பத்தாவதில், மணி பன்னிரண்டைத் தாண்டி நவம்பர் பிறந்த சில நிமிஷத்தில், டெரெக் ஜீட்டர் இன்னொன்று அடித்து முடித்துவிட்டார். தெருவில் ஹாரன் சத்தம். "சின்னப் பையன், ரொம்ப நேரம் வீச வைத்துவிட்டார்கள்" என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் முனகினார். பால் காசை வாங்க மறந்துவிட்டார், நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

அடுத்த ராத்திரியும் அதே கிம், அதே ஒன்பதாவது இன்னிங்ஸ், அதே இரண்டு அவுட். இந்தமுறை ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தவர் ஸ்காட் பிராஷியஸ். கிம் அப்படியே பந்து வீசும் மேட்டில் குந்தி உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாவதில் யாங்கீஸ் ஜெயித்தது. காலையில் ஆபீசுக்குப் போனால் ஸ்டேட்டன் ஐலண்டுக்காரர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஏழு வாரத்தில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். அவருக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிம்முக்காக வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது, இரண்டும் நிஜம்.

நவம்பர் 4, ஏழாவது ஆட்டம், ஃபீனிக்ஸ். கடைசி இன்னிங்ஸில் யாங்கீஸ் 2-1 என்று முன்னால். வீசுவது அவர்களுடைய க்ளோஸர் மரியானோ ரிவேரா, அதற்கு முன் பிளேஆஃபில் தொடர்ந்து 23 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர். முடிந்தது என்று டிவியை அணைக்கப் போனேன். ரிவேரா ஒரு பந்தை எடுத்துத் தப்பாக எறிந்தார், அரிசோனாவின் டோனி வோமாக் டபுள் அடித்துச் சமன் செய்தார், லூயிஸ் கொன்சாலெஸ் உள்ளே நெருங்கி நின்றவர்களின் தலைக்கு மேல் பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். 3-2. சோபாவில் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு கத்தினேன். செப்டம்பர் 11-க்குப் பிறகு பயமில்லாமல், காரணமில்லாமல், சுத்தமான அற்பத்தனத்தோடு நான் சந்தோஷப்பட்டது அந்த ராத்திரிதான். யாங்கீஸ் தோற்றதற்காக! அதைத் தொப்பி போட்டு யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் பேஸ்பால் அன்று நாட்டைக் குணப்படுத்தியது என்று டாக்குமென்டரியில் சொல்பவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது, நாடு எரியும்போது விளையாட்டா என்று கேட்பவர்களைக் கண்டாலும் ஆகாது. இரண்டு கோஷ்டியும் ஆட்டத்தை நாட்டுக்கு வேலைக்காரனாக வைத்துப் பேசுகிறவர்கள். 1942 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதி, போர்க்காலத்திலும் ஆட்டம் நடப்பதே நாட்டுக்கு நல்லது என்றார். அந்தக் கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கை பிப்ரவரியில் போட்ட கையெழுத்தால்தான் அமெரிக்க மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் தடுப்பு முகாம்களுக்குப் போனார்கள். அரிசோனாவில் ஹீலா ரிவர் முகாமில் கெனிச்சி செனிமுரா என்பவர் முள்வேலிக்குப் பக்கத்தில் பாலைவன மண்ணைச் சமன்படுத்தி பேஸ்பால் மைதானம் கட்டினார். அவர் நாட்டைக் குணப்படுத்தவா கட்டினார்? ஆட வேண்டும் போலிருந்தது, கட்டினார்.

1989 நிலநடுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள். அக்டோபர் 17, சான் பிரான்சிஸ்கோவில் வேர்ல்ட் சீரீஸின் மூன்றாவது ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பூமி ஆடியது. 63 பேர் இறந்தார்கள், அதில் 42 பேர் ஓக்லண்டில் மேம்பாலம் சரிந்து போனவர்கள். ஆட்டம் பார்க்க நிறையப் பேர் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டதால் அந்தச் சாயங்காலம் சாலையில் வண்டிகள் குறைவு, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேரோ என்பார்கள். பத்து நாள் நிறுத்திவைத்துவிட்டு ஆடினார்கள். இதை வைத்து நான் எதையும் வாதாடப் போவதில்லை.

உண்மையில் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. வேர்ல்ட் சீரீஸ் ஆட்டம் எல்லாம் கிழக்கு அமெரிக்க நேரப்படி ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. பகலில் நடந்த கடைசி ஆட்டம் 1987-இல், அதுவும் கூரை போட்ட மைதானத்துக்குள். மேற்கே இருப்பவர்கள் வேலை முடிந்து வந்து விளம்பரம் பார்க்க வேண்டுமாம், அதற்காக இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஐந்தாவது இன்னிங்ஸில் தூங்கிவிடுகிறார்கள். 2025-இல் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் ஓடியது. டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமேன் அடித்து முடித்தபோது எங்களுக்கு விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிறது. என் மகள் காலையில் ஸ்கோரை ஃபோனில்தான் பார்த்தாள். ஒரு தலைமுறையையே இப்படித்தான் இழந்துகொண்டிருக்கிறார்கள். இதற்கு எந்த அரசியல்வாதியும் வாய் திறக்க மாட்டான்.

உங்கள் விசா நிலைமை நல்லபடியாக முடியட்டும், இதை மனசாரத்தான் சொல்கிறேன். ஆட்டம் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் பார்க்காதீர்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் டாட்ஜர்ஸ் பற்றிப் பேசினால் அவருக்குச் செய்தி தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வீட்டில் யாருக்குச் சம்பளம் நின்றதோ நமக்கென்ன தெரியும்?

கிம் என்ன ஆனார் என்று யாராவது கேட்டால்: அடுத்த வருஷம் யாங்கி ஸ்டேடியத்துக்கே திரும்பி வந்து ஓர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். முடிந்ததும் பந்தை எடுத்து அவரே இடதுபக்கச் சுவருக்கு மேலே விட்டெறிந்தார். மெட்ஸ் மட்டும் 1986-க்குப் பிறகு இன்னும் ஜெயிக்கவில்லை. அதைப் பற்றித் தனியாகக் கேள்வி போடுங்கள், இதைவிட நீளமாக எழுதுகிறேன்.