கல்யாண ஆல்பத்தைத் தர மறுக்கும் ஸ்டுடியோ: கேட்ட பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:

வக்கீல் சாருக்கு வணக்கம். நான் உசிலம்பட்டி பக்கம் கிராமத்துக்காரன். போன ஆவணியில் மூத்த மகள் கல்யாணத்தை மதுரையில் ஒரு மண்டபத்தில் வைத்து நடத்தினோம். போட்டோ, வீடியோவுக்கு மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் 1,20,000 ரூபாய் பேசினேன். இரண்டு போட்டோகாரர், இரண்டு வீடியோகாரர், ட்ரோன், இரண்டு ஆல்பம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அட்வான்ஸ் 40,000 ஜிபேயில் போட்டேன், அதற்கு ரசீது இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில் 50,000 கையில் கொடுத்தேன், ரசீது தரவில்லை. மீதி 30,000 ஆல்பம் வாங்கும்போது என்று பேச்சு.

ஓனரே வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. சின்னப் பையன்கள் மூன்று பேர்தான் வந்தார்கள். என் மைத்துனர் தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட்ட நேரத்தில் போட்டோகாரர் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் ஒன்றுகூட இல்லை. ஏழு மாதம் ஆகியும் ஆல்பம் வரவில்லை. இப்போது பக்கம் கூடிவிட்டது, இன்னும் 25,000 தந்தால்தான் தருவோம் என்கிறார்கள். ‘மூணு மாசத்துக்கு மேல ஃபைல் வச்சிருக்க மாட்டோம்னு ரசீது பின்னாடியே போட்டிருக்கோம்ல’ என்று மிரட்டலும் வருகிறது. இது போதாதென்று மகள் படத்தை இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டில் வருத்தம். போலீஸில் மோசடிப் புகார் கொடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வைகாசியில் இளைய மகளுக்குத் திருப்பரங்குன்றம் கோயிலில் கல்யாணம். அப்போதாவது என்ன எழுதி வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்:

ஐயா, முதலில் படங்களைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். பணம், இழப்பீடு, வழக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். நீதிமன்றம் பணத்தைத் திருப்பி வாங்கித் தர முடியும், அழிந்துபோன தாலிகட்டுப் படத்தை வாங்கித் தர முடியாது. ஆகவே சண்டையை நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்றைக்கே ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

“என் மகள் திருமணத்தில் எடுத்த எல்லா படங்களையும் வீடியோக்களையும், ரா ஃபைல் (கேமராவில் பதிவான அசல் ஃபைல்) உட்பட, எதையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பேசிய மீதித் தொகை 30,000 ரூபாய் என்னிடம் தயாராக இருக்கிறது. ஆல்பத்தையும் முழு ஃபைல்களையும் தரும் அன்றே கொடுத்துவிடுகிறேன். 15 நாட்களுக்குள் தேதி சொல்லுங்கள்.”

இதில் கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். ‘30,000 தயாராக இருக்கிறது’ என்ற வரிதான் இதற்கு உயிர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 51-வது பிரிவு, இரு தரப்பும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய காரியங்களில், ஒருவர் தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாவிட்டால் மற்றவரும் செய்ய வேண்டியதில்லை என்கிறது. நீங்கள் மீதியைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றால், ஆல்பத்தைப் பிடித்து வைக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். தயார் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும்.

கூடுதல் 25,000 கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்தைக் கூட்டச் சொல்லி நீங்களோ மகளோ எழுதியிருந்தால் அது வேறு. செலக்‌ஷன் அனுப்பியபோது மகள் கூடுதலாகப் படங்களைக் குறித்துக் கொடுத்தாரா, ‘இத்தனை படத்துக்கு மேல் போனால் காசு கூடும்’ என்று அவர்கள் அப்போதே சொன்னார்களா என்று பழைய செய்திகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பேசிய விலை 1,20,000தான். ஒரு தரப்பு மட்டும் பிறகு நினைத்து விலையை ஏற்ற முடியாது. பத்திரத்தில் எழுதவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அவர்கள் அனுப்பிய பட்டியல், அதற்கு நீங்கள் போட்ட ‘சரி’, ஜிபேயில் போன அட்வான்ஸ் மூன்றும் சேர்ந்தால் ஒப்பந்தம் முழுமை. கையில் கொடுத்த 50,000-க்கும் சாட்சி தேடுங்கள். அன்றைக்கோ மறுநாளோ ‘50 கொடுத்தாச்சு தம்பி’ என்று நீங்கள் எழுதி, அவர்கள் ‘ஓகே அண்ணே’ என்று பதில் போட்டிருந்தால் அதுவே போதும். பணம் வாங்கிக்கொண்டு பில் தராததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத விஷயம். அந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்குத்தான் என்று ஸ்டுடியோக்காரர்களும் நம்புகிறார்கள், நம் ஆட்களும் நம்புகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(பி) வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு விலையும் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், மாறாக உடன்பாடு ஏதும் இல்லாவிட்டால், அப்படி எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆர்டர் கொடுத்து, பணம் கட்டிய நீங்கள்தான் அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

‘மாறாக உடன்பாடு’ என்ற இடத்தில்தான் உங்கள் ரசீதின் பின்பக்கம் வருகிறது. அதை வெளிச்சத்தில் வைத்துப் பொறுமையாகப் படியுங்கள். ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்’, ‘உரிமை ஸ்டுடியோவுக்கே’ என்று ஏதாவது அச்சடித்திருக்கிறதா, அதன் கீழ் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் வாங்கி முடித்த பிறகு நீட்டிய ரசீதில், பொடி எழுத்தில், நீங்கள் கையெழுத்துப் போடாத நிபந்தனை உங்களைக் கட்டாது என்று வாதாட நல்ல இடம் உண்டு. மூன்று மாதக் கெடுவுக்கும் இதே பதில்தான். அதோடு, ஆல்பத்தையே கொடுக்காத ஒருவர் காலம் கடந்துவிட்டது என்று ஃபைலை அழித்தேன் என்றால், எந்த நுகர்வோர் ஆணையமும் அதை எளிதில் ஏற்காது. தாமதம் அவருடையது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: உரிமை உங்களுடையது என்பதாலேயே ரா ஃபைல் அத்தனையையும் கையில் தரும் கடமை தானாக வந்துவிடாது. அது பேச்சில் இருந்ததா என்பதைப் பொறுத்தது. அதனால்தான் முதல் செய்தியில் ‘அழிக்கக் கூடாது’ என்பதை முன்னால் வைக்கச் சொன்னேன்.

இன்ஸ்டாகிராம் படத்துக்கு நீங்கள் நீதிமன்றம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிப்புரிமை மீறல் என்று புகார் செய்ய அந்தச் செயலியிலேயே படிவம் இருக்கிறது. ஆர்டரும் பணமும் உங்கள் பெயரில் என்பதால் நீங்களே அனுப்புங்கள். அதற்கு முன் அந்தப் பதிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் சேமித்துவிடுங்கள். நீக்கிய பிறகு சாட்சி இருக்காது. மகளும் தன் பெயரில் ‘என் சம்மதம் இல்லை, எடுத்துவிடுங்கள்’ என்று ஸ்டுடியோவுக்கு எழுதட்டும். ஒருவரின் குடும்பம், திருமணம் ஆகியவை அவருடைய அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று 1994-லேயே ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகுந்த வீட்டில் ஒரு பெண் தலைகுனியும்படி யாரோ ஒருவர் வியாபாரம் செய்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

போலீஸ் புகார் வேண்டாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி மோசடி என்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இவர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள், படமும் எடுத்திருக்கிறார்கள். இது சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு அலைச்சல்தான் மிச்சம்.

15 நாளில் சரியான பதில் இல்லையென்றால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசியும் பார்க்கலாம். ஸ்டுடியோ வேறு ஊரில் இருந்திருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். காலக்கெடு இரண்டு வருடம், உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ஃபைல்கள் அழிந்துபோகும்வரை தாமதிக்காதீர்கள். மனுவோடேயே, பிரிவு 38(8)-ன் கீழ், ஃபைல்களை அழிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். உத்தரவு வந்தபின் அதை மதிக்காவிட்டால் பிரிவு 72-ல் சிறைத் தண்டனை வரை போகலாம் என்பது ஸ்டுடியோக்காரருக்கும் தெரியட்டும்.

மனுவில் லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்டு எழுதுவதைவிட, என்ன குறை என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். நான்கு பேர் என்று பேசி மூவர் வந்தார்கள். ஓனர் வருவதாகச் சொல்லி வரவில்லை. தாய்மாமன் சீர் பதிவாகவில்லை. இந்தக் கடைசிக் குறைதான் உங்கள் வழக்கின் நெஞ்சு. உசிலம்பட்டிப் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் என்ன, மேளதாளத்தோடு தட்டு வரிசை வருவது என்ன, அக்காள் மகளுக்கு மாமன் மாலை போடுவது இரண்டு வீட்டுக்கும் என்ன என்பதை நான்கு வரியில் எழுதிவையுங்கள். ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறு பக்கத்துக்காரராக இருக்கலாம். சீர் நேரத்தை நீங்கள் முன்கூட்டியே ஸ்டுடியோவுக்குச் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியைக் கட்டாயம் இணையுங்கள். என்ன இழப்பு வரும் என்று தெரிந்தே கடமையைத் தவறவிட்டவரிடம் இழப்பீடு கேட்பது, ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில் வலுவான நிலை.

சொந்தக்காரர் யாராவது சீர் நேரத்தைச் செல்போனில் எடுத்திருப்பார்கள். வீடியோவில் மேடையைச் சுற்றி ஸ்டுடியோ ஆள் யாரும் இல்லை என்று தெரிந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம். மைத்துனருக்கும் அந்த வீடியோவிலிருந்து ஒரு நல்ல படம் எடுத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுக்கலாம். வீடியோ எடுத்தவரின் போனிலேயே அசல் இருக்கட்டும், அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். மின்னணு ஆவணங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சொல்லும் சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்வது பாதுகாப்பு.

இனி இளைய மகள் கல்யாணம். ஆவணி, தை, வைகாசி வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரு ஸ்டுடியோ ஒரே நாளில் மூன்று நான்கு ஆர்டர் பிடிக்கும். ஓனர் ஒரு மண்டபத்தில் இருப்பார், மற்ற இடங்களுக்கு அன்றைய கூலிக்கு ஆள் போகும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதனால் ‘இரண்டு போட்டோகாரர்’ என்று எழுதி வாங்காதீர்கள். வருகிறவர் பெயரை எழுதி வாங்குங்கள். அவர் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தின் ஆல்பத்தைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் காட்டும் பத்துப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார், யாரும் வராவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சடங்குகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: முகூர்த்தக்கால், தாய்மாமன் சீர், மாலை மாற்றுதல், தாலிகட்டு, பால் பழம். எந்த நேரத்தில் எது என்பதும் இருக்க வேண்டும். போட்டோகாரருக்கு உங்கள் மைத்துனர் யார், பெரியத்தை யார் என்று தெரியாது. விவரம் தெரிந்த தங்கச்சி மகன் ஒருவனைக் காலையிலிருந்தே அவர் கூட நிறுத்துங்கள். அவர்களுக்கு எப்போது சாப்பாடு என்பதையும் முன்பே பேசி, இருவரில் ஒருவர் எப்போதும் மேடையில் இருக்கும்படி செய்யுங்கள். அவர்களும் விடியற்காலையிலிருந்து நிற்பவர்கள், வயிறு காயக் கூடாது.

பணத்தை நான்காகப் பிரியுங்கள். அட்வான்ஸ் ஒன்று, கல்யாணத்தன்று ஒன்று, எடுத்த எல்லா ஃபைல்களையும் நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஹார்டு டிஸ்க்கில் மூன்று நாளுக்குள் போட்டுத் தரும்போது ஒன்று, ஆல்பத்துக்கு ஒன்று. மூன்றாவது தவணையை விட்டுவிடாதீர்கள். ஃபைல் உங்கள் வீட்டு பீரோவில் இருந்தால், நாளைக்கு ஆல்பத்தை வேறு யாரிடமும் போட்டுக்கொள்ளலாம். ஆல்பத்தில் எத்தனை பக்கம், எத்தனை படம், கூடினால் பக்கத்துக்கு என்ன விலை, எந்தத் தேதிக்குள் என்பதும் வேண்டும். ‘மணமக்கள் எழுத்துமூலம் சம்மதிக்காமல் எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது, பதிப்புரிமை குடும்பத்துக்கே’ என்று ஒரு வரி சேருங்கள். இதையெல்லாம் வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

கோயில் கல்யாணத்துக்குத் தனியாக ஒன்று. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. மூத்த மகள் கல்யாணத்தில் சொந்தக்காரர் போன் கைகொடுத்த மாதிரி இங்கே கைகொடுக்கும் என்று இருந்துவிடாதீர்கள். முகூர்த்தத்துக்குப் பதிவு செய்யும்போதே கேமராவுக்கு அனுமதி உண்டா, எந்த இடம் வரை, கட்டணம் என்ன என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு ரசீது வாங்குங்கள். அந்த அனுமதியை யார் வாங்குவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ட்ரோனை இந்தக் கல்யாணத்துக்கு விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ட்ரோன் விதிகள் 2021-ன்படி விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உண்டு, திருப்பரங்குன்றத்திலிருந்து மதுரை விமான நிலையம் தூரமில்லை. அந்தப் பணத்துக்கு மேடையில் நிற்க இன்னொரு போட்டோகாரரைப் பேசிக்கொள்ளுங்கள்.