கஸ்தூரிபாவின் கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் அப்பத்தா காலமாகி வருகிற மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவர் 1944இல் பிறந்தவர். அந்த ஆண்டுதான் கஸ்தூரிபா காந்தி மறைந்தார் என்பதால், காங்கிரஸ்காரரான கொள்ளுத் தாத்தா அந்தப் பெயரையே மகளுக்கு வைத்தாராம். முதலாண்டு நினைவு நாளுக்குச் சிறியதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். அப்பாவும் சித்தப்பாவும் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: ‘கணவரே உலகம் என்று வாழ்ந்த உத்தமி, பேரன் பேத்திகளின் பாசத்துக்குரிய பாட்டி.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படித்தால் அப்பத்தாவின் முகம் வரவில்லை. யாருடைய பாட்டிக்கும் இதைப் போட்டுவிடலாம்.

தாத்தா கதர்க் கடையில் வேலை பார்த்தார். சம்பளம் போதாது. அப்பத்தா வீட்டில் உட்கார்ந்து தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்துத்தான் (நெசவுக்கான நூலைக் குச்சியில் சுற்றுவதுதான் தார் சுற்றுவது) பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அதை மலரில் எழுதலாமா என்று கேட்டால், ‘தாத்தா மனம் வருந்துவார், வேண்டாம்’ என்கிறார்கள். கஸ்தூரிபாவைப் பற்றியாவது ஒரு பக்கம் சேர்க்கலாம் என்று தேடினேன். அங்கேயும் ‘காந்தியின் நிழலாக வாழ்ந்தவர்’ என்றே திரும்பத் திரும்ப வருகிறது. இவர்கள் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்களா?

சின்னாளபட்டியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

தார் சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்ற வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மலர் நான்கே பக்கம் என்றாலும் அதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கஸ்தூரிபாவின் வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது.

1901இல் காந்தி குடும்பம் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, நேட்டால் இந்தியர்கள் பிரிவு உபசாரம் நடத்திப் பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கென்றே கொடுத்த, ஐம்பது கினி பெறுமான தங்க மாலையும் அவற்றில் இருந்தது. பொதுத்தொண்டுக்குப் பரிசு வாங்கக் கூடாது என்று காந்தி ஓர் இரவு முழுவதும் தூங்காமல் யோசித்து, எல்லாவற்றையும் சமூகத்துக்கே எழுதிவைத்துவிட முடிவு செய்தார். முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் மனைவியிடம் போனார்.

கஸ்தூரிபா எளிதில் விடவில்லை. எனக்கு நகை வேண்டாம், நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்று கேட்டார். என் நகைகளையே கழற்ற வைத்தவர் நீங்கள், அவர்களுக்கா வாங்கிப் போடப்போகிறீர்கள் என்றார். ‘இந்த மாலையை உன் தொண்டுக்காகக் கொடுத்தார்களா, என் தொண்டுக்காகவா?’ என்று காந்தி மடக்கினார். அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நீங்கள் செய்த தொண்டு நான் செய்ததும்தான். இரவு பகலாக உங்களுக்காக உழைத்தேனே, அது சேவை இல்லையா? யார் யாரையோ வீட்டுக்குக் கொண்டுவந்து என்னைக் கண்ணீர்விட வைத்தீர்களே, அவர்களுக்கெல்லாம் அடிமைபோல் வேலை செய்தது யார்?

இதை எழுதிவைத்தவர் காந்திதான், தமது சத்திய சோதனையில். மனைவியின் சொற்களில் சில தம்மைத் தைத்தன என்றும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் மாலை திரும்பிப் போனது. அந்த முடிவு சரிதான் என்று நானும் நினைக்கிறேன். அதற்காகக் கஸ்தூரிபாவின் கேள்வி தவறாகிவிடாது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அதற்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் எழுதிய வரியில் அந்தப் பதில்தான் விடுபட்டிருக்கிறது.

கண்ணீர்விட வைத்தது என்று அவர் சொன்னாரே, அதையும் காந்தி மறைக்கவில்லை. டர்பன் வீட்டில் அவருடைய எழுத்தர்கள் கூடவே தங்கியிருந்தார்கள். அறைகளிலிருந்து கழிவுநீர் வெளியேற வழியில்லாததால் இரவில் சிறுநீர் கழிக்க அறையில் சட்டி வைப்பது வழக்கம். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் தீண்டாமைக்கு ஆளான பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைக் கணவர் எடுப்பதைப் பார்க்கவும் கஸ்தூரிபாவால் முடியவில்லை, தானே எடுக்கவும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்கள் சிவக்க, கன்னத்தில் நீர் வழிய, படியில் இறங்கி வந்தார். அதைச் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று காந்தி கத்தினார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னை விடுங்கள் என்று அவரும் கத்தினார். காந்தி அவர் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துப்போய்க் கதவைத் திறந்தார். உங்களுக்கு வெட்கமில்லையா, இங்கே எனக்குத் தாயா தகப்பனா, நான் எங்கே போவேன், கதவைச் சாத்துங்கள், யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று அழுதபடியே கேட்டார் கஸ்தூரிபா. வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினார் காந்தி.

இதில் கஸ்தூரிபாவின் சாதி உணர்வும் இருக்கிறது, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. அவரும் மாறினார், காந்தியும் மாறினார். கணவர் தப்பான வழியில் நியாயமானதைக் கேட்கிறார், மனைவி நியாயமான வழியில் தப்பானதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்படி இருவரையும் முழுசாகப் பார்க்க முடிகிறபோதுதான் அவர்கள் அறுபத்திரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதற்குக் கனம் வருகிறது.

கஸ்தூரிபா கணவர் மேல் பக்தி இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் அவர் பின்னால் போன இடங்களைப் போலவே தாமாக முன்வந்த இடங்களும் உண்டு. குடும்பம் மீண்டும் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, 1913 மார்ச்சில் அங்கே கேப் மாகாண நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பால், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்கள் சட்டத்துக்கு முன் செல்லாதவை ஆயின. அப்படியானால் நான் உங்கள் மனைவி இல்லையா என்று கேட்டவர், சிறைக்குப் போகத் தயாரானார். அந்தச் செப்டம்பரில் காந்தி அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட பதினாறு பேரில் அவர் ஒருவர். அனுமதியின்றி டிரான்ஸ்வால் மாகாண எல்லை தாண்டியதற்கு மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். அதே போராட்டத்தில் சிறை சென்று நோயோடு திரும்பிய நம் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். கஸ்தூரிபா மறைந்ததும் ஒரு பிப்ரவரி 22தான், சரியாக முப்பது ஆண்டு கழித்து. உங்கள் மலரில் இந்த இரண்டு பெயரையும் ஒரே பக்கத்தில் போட்டால் எனக்கு மகிழ்ச்சி.

எழுபதை நெருங்கிய வயதில், 1939இல், ராஜ்கோட் போராட்டத்துக்கும் அவரே முன்வந்து போய்க் கைதானார். 1942 ஆகஸ்ட் 9 அன்று காந்தி பம்பாயில் கைதானதும், அன்று மாலை சிவாஜி பூங்காவில் அவர் பேசவேண்டிய கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்று கிளம்பியவரும் கஸ்தூரிபாதான். பேசவிடாமல் கைது செய்தார்கள்.

பாட்டியாக அவரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், அந்த அத்தியாயம் மிகவும் துயரமானது. மூத்த மகன் ஹரிலாலின் மனைவி குலாப் 1918 விஷக்காய்ச்சலில் இறந்துபோக, அந்தப் பிள்ளைகள் பாட்டியின் மடிக்கு வந்தார்கள். அவர்களில் ரசிக் என்ற பேரனை 1929இல் பறிகொடுத்தார். அதே ஆண்டில்தான், யாரோ கொடுத்த நான்கு ரூபாயை ஆசிரமக் கணக்கில் கட்டாமல் வைத்திருந்தார் என்று காந்தி தம் பத்திரிகையில் மனைவியின் பெயரைச் சொல்லி எழுதினார். காந்தியை நான் மிகவும் மதிக்கிறவன். ஆனால் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வருகிறது. பேரன் பேத்திகள் வளரும் வீட்டில் ஒரு பாட்டியின் கையில் நான்கு ரூபாய் இருந்தால் என்ன?

குடியால் சீரழிந்த ஹரிலால், தந்தையோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன காலத்தில், கட்னி ரயில் நிலையத்துக்கு வந்தார். மகாத்மாவுக்கு ஜே என்று கூட்டம் முழங்கிக்கொண்டிருக்க, ஒரே ஒரு குரல் மட்டும் மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே என்றது. கிழிந்த உடையில் நின்ற மகன், பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் இல்லையா என்று காந்தி கேட்டார். இல்லை, இது அம்மாவுக்கு மட்டும், நீங்கள் பெரிய மனிதராக ஆனதே அம்மாவால்தான் என்றார் ஹரிலால். பழத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் நீயே சாப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். எங்களோடு வந்துவிடு என்று கஸ்தூரிபா கெஞ்சியும் வரவில்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் மகனுக்குத் தின்ன ஒன்றும் கொடுக்கவில்லையே என்பது அவருக்கு நினைவு வந்தது. கூடையில் பழங்கள் இருந்தன. எடுப்பதற்குள் நடைமேடை பின்னால் போய்விட்டது.

கடைசிக் காலம் புனே ஆகா கான் மாளிகைச் சிறையில் கழிந்தது. எழுபது கடந்த மனைவிக்குக் காந்தி அங்கே பூகோளப் பாடம் நடத்தினார். பாடத்தைவிட அவருக்குக் கேரம் விளையாட்டில்தான் ஆர்வம். 1944 பிப்ரவரி 22, சிவராத்திரி நாள் மாலையில், கணவரின் மடியில் உயிர் பிரிந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவையைப் போர்த்தினார்கள். சிதை எரிந்து முடியும்வரை காந்தி அங்கிருந்து எழவில்லை. இந்த இழப்பு நான் எண்ணியதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று பிறகு வைஸ்ராய்க்கு எழுதினார்.

உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கஸ்தூரிபாவின் பெயரால் நாடு முழுவதும் நிதி திரட்டிக் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அதன் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாக இருந்தவர் டாக்டர் சௌந்தரம். அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் உங்கள் அப்பாவே பிறந்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். அப்படியென்றால் அதுவும் மலரில் வரவேண்டிய செய்திதான்.

இனி, தாத்தா வருந்துவார் என்ற பேச்சு. அவரிடம் யாராவது கேட்டார்களா? தம் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்ததைக் காந்தியே எழுதினார், அதனால் அவர் சிறுத்துப்போகவில்லை. கதர்க் கடைச் சம்பளம் போதவில்லை என்பதும் மனைவி தார் சுற்றினார் என்பதும் உங்கள் தாத்தாவுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. அவர் அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ராட்டை வீட்டில் எந்த மூலையில் இருந்தது? விடியும் முன்பா, பிள்ளைகள் தூங்கிய பிறகா, எப்போது சுற்றுவார்? ஒரு சிட்டம் நூலுக்கு என்ன கூலி? தார்க்குச்சியில் நூல் ஏறி ஏறி விரலில் தழும்பு விழுந்திருக்குமே, எந்த விரலில்? அப்பத்தாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேளுங்கள், சமைத்துப் போட்டதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள். முக்கியமாக, உங்களோடு எதற்காகச் சண்டை போட்டார், எந்தச் சண்டையில் நீங்கள் தோற்றீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் அழுதால் பதற வேண்டாம். காத்திருந்து, மறுபடி கேளுங்கள்.

‘கணவரே உலகம்’ என்ற வரியையும் எடுக்க வேண்டாம். பிள்ளைகள் எழுதியது, அவர்களுக்கு அது உண்மை. அதற்குக் கீழே தாத்தா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே போடுங்கள். மலர் அச்சானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்